மேயரின் ஆறு இஞ்ச்

டேப்பு கடை எங்கே என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். டெய்லர் கடை என்று கேட்டால், எந்த டெய்லர் என்று திருப்பிக் கேட்பார்கள். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அந்த டெய்லரைப் பார்த்தவர் கிடையாது, அதனால் ஊருக்கு அவர் டேப்பு. சொந்தக் கல்யாணப் போட்டோவிலேயே புதுக் கோட்டுக்கு மேல் மஞ்சள் டேப் தொங்குகிறது. கழற்ற மறந்துவிட்டேன் என்கிறார். இருபத்தாறு வருஷமாக அவர் மனைவி அதை நம்பவில்லை.

கடை சின்னது. இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேஜை, மூலையில் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு டிரையல் ரூம், அதற்கு ஒரு பழுப்புத் திரை. டிரையல் ரூமுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு தனிக் கதவும் உண்டு. கூச்சப்படுகிறவர்கள் அதன் வழியே வருவார்கள். அளவெடுப்பதும் தைப்பதும் டேப்பு. அளவை நோட்டில் எழுதுவதும் துணியை வெட்டுவதும் அவருடைய தங்கை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. அண்ணனுக்கு இன்னும் பாப்பாதான். இருவரும் சேர்ந்து பத்தொன்பது வருஷமாகக் கடையை ஓட்டுகிறார்கள்.

இதில் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. இன்றுவரை ஊருக்குத் தெரியாது, நீங்களும் வெளியே சொல்ல வேண்டாம். கடை திறந்த புதிதில் ஒரு தலைமையாசிரியர் கோட்டுத் தைக்க வந்தார். டேப்பு அவர் வயிற்றைச் சுற்றி டேப்பை இழுத்து, "நாப்பத்தி நாலு" என்று உரக்கச் சொன்னார். காத்திருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கோட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போன தலைமையாசிரியர், அப்புறம் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்றைக்கே அண்ணனும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தொப்பைக்காரர் வந்தால் டேப்பு வயிற்றளவை இரண்டு இஞ்ச் குறைத்துச் சொல்வார். தங்கை மூச்சுக் காட்டாமல் இரண்டைக் கூட்டி எழுதிக்கொள்வாள். தோள், மார்பு, கை எல்லாம் உள்ளது உள்ளபடி. வயிறு மட்டும் இரண்டு இஞ்ச் பொய். வந்தவர் முகம் மலரும், கோட்டும் சரியாக இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அதில் தங்கைக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு, இருக்கட்டுமே.

மேயர் இந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர். சிமெண்ட் வியாபாரியாக இருந்த காலத்திலிருந்தே இங்கேதான் தைக்கிறார். அவருக்கு வயிறு நாற்பத்திரண்டு. டேப்பு சொல்வது நாற்பது.

தங்கைக்கு மேயரைப் பிடிக்காது. கடைக்கு எதிரே இருக்கும் சாக்கடை மழைக்கு மழை பொங்குகிறது, மூன்று மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒரு காரணம். அரசியல்வாதிகள் எல்லோரையுமே அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவள் என்பது இன்னொன்று. துணி வெட்டும் மேஜையின் ஒரு முனையில் எப்போதும் பேப்பர் விரிந்திருக்கும். எந்த மந்திரி எந்த வீட்டில் தூங்குகிறார், எந்தக் கவுன்சிலரின் மகன் எங்கே சண்டை போட்டான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அது அவங்க சொந்த விஷயம், பாப்பா," என்பார் டேப்பு. "திரைக்கு உள்ள ஒரு ஆள் சட்டையைக் கழட்டுறாரு. நான் பார்க்கிறேன். அதுக்காக வெளிய வந்து சொல்லலாமா?"

"உன்கிட்ட சட்டையைக் கழட்டுறவர் உன்கிட்ட ஓட்டுக் கேட்கலையே. இவங்க ஓட்டுக் கேட்கிறப்போ பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டு வந்து மேடையில நிறுத்துறாங்க. இதோ, உன் மேயர் போஸ்டரைப் பாரு. பக்கத்துல வீட்டுக்காரம்மா சிரிச்சுக்கிட்டு நிக்குறாங்க. காட்டினது அவரு. காட்டினா பார்ப்போம், பார்த்தா கேட்போம்."

அந்தப் போஸ்டர் கடைக்கு எதிர்ச்சுவரிலேயே ஒட்டியிருந்தது. மேயர் ஒரு கையை மனைவியின் தோளில் போட்டிருந்தார். 'என் வீடு போல என் நகரம்' என்று கீழே பெரிய எழுத்து. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. டேப்பு மிஷினை வேகமாக மிதித்தார்.

அந்த வாரம்தான் ஒரு மதியம் மேயர் சந்துக் கதவு வழியே வந்தார். புதுப் பாலம் திறப்புக்கு ஒரு கோட்டு வேண்டுமாம். தங்கை மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு லைனிங் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவரை அவள் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டாள். டேப்பு திரையை இழுத்துவிட்டார். மேயர் கோட்டைக் கழற்றினார்.

டேப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டுக்குள் இருந்த மேயரில் பாதி ஆளைக் காணோம். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டைகள், ஆணியால் குத்தியவை, கோணல்மாணலாக இருந்தன. எந்தக் கடையிலும் கொடுத்து ஓட்டை போடவில்லை, வீட்டில் தானே குத்திக்கொண்டிருக்கிறார் என்பது டெய்லர் கண்ணுக்கு உடனே தெரிந்தது. டேப்பைச் சுற்றினார். முப்பத்தாறு. திரும்பவும் சுற்றினார். முப்பத்தாறேதான். ஆறு இஞ்ச் எங்கே போயிற்று?

மேயர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை பேப்பர் வாங்க நிற்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் டேப்பின் நாக்கு தானாகவே ஒரு கருணை காட்டிவிட்டது.

"வயிறு முப்பத்தெட்டு," என்றார் உரக்க.

திரைக்கு அந்தப்பக்கம் பென்சில் ஓடிய சத்தம் கேட்டது. தங்கை எப்போதும் போல இரண்டைக் கூட்டி நாற்பது என்று எழுதினாள். குறைத்துச் சொல்லியே பழகிய மனிதர் அன்றைக்கு முதல் தடவையாகக் கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கூட்டுவாள் என்பது அந்த நிமிஷம் டேப்புக்கும் நினைவில் இல்லை. அவர் மனசு பெல்ட் ஓட்டையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

மேயர் போன பிறகு தங்கை கேட்டாள், "என்ன, மேயர் ரெண்டு இஞ்ச் இறங்கியிருக்காரே. நடக்கப் போறாரா?"

"ம்," என்றார் டேப்பு. அந்த ஒரு 'ம்' தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

டிரையலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நேரமில்லை, அப்படியே தைத்து அனுப்பிவிடுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். தங்கை வெட்டினாள், டேப்பு தைத்தார். மேயரின் கோட்டு எப்போதும் பெரிய கோட்டுத்தானே. கைக்கு அந்த அளவு பழகியிருந்ததால் தைக்கும்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

பாலம் திறப்பைக் கடையில் இருந்த சின்ன டிவியில் அண்ணனும் தங்கையும் பார்த்தார்கள். ஆற்றின் மேல் நல்ல காற்று. மேயர் பாலத்தின் நடுவில் வந்து கையசைத்தார். கோட்டு தோளில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் பாய்மரம் மாதிரி உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. உள்ளே இரண்டு முஷ்டி வைக்கலாம் போல இருந்தது. என்ன நடந்தது என்று டேப்புக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான். பாலம் ஓர் ஓரத்தில், கோட்டு நடுவில். 'மேயருக்கு என்ன ஆனது?' என்று தலைப்பு. ஊர் கண் மூக்கு வைத்துப் பேசத் தொடங்கியது. ஈரல் என்றார்கள். இரத்தம் என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தவர் ஊரைவிட்டு வெளியே போனதே இல்லை என்பது வேறு விஷயம். எதிர்த்து நின்ற வேட்பாளர் மேடையேறி, "அஞ்சு வருஷத்துக்கு நகரத்தைக் கையில வாங்கிக்கப் போறவர் டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டட்டும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

தங்கை அளவு நோட்டை எடுத்துப் புரட்டினாள். பிறகு பேப்பர் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். வெட்டுகிறவள் கண் பொய் சொல்லாது.

"நாலு இஞ்ச் தொங்குது, அண்ணா. நம்ம அளவு நாப்பது. அப்போ பன்னெண்டு நாள்ல நாலு இஞ்ச் இறங்கிட்டாரு. இது சாதாரண வியாதி இல்ல."

டேப்பு வாயைத் திறந்தார், மூடினார். உண்மையான அளவு முப்பத்தாறு என்று சொன்னால் திரைக்குள் பார்த்ததைச் சொன்னதாகும். சொல்லாவிட்டால் தங்கை இப்படி ஒரு கணக்குப் போடுகிறாள். அதற்குள் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, தையல் சொதப்பிடுச்சா?" என்று கிண்டல் செய்தார். தங்கைக்குச் சுருக்கென்றது. "எங்க அளவு சுத்தம். வெட்டினதும் சுத்தம். மிச்சத்தை அவர் உடம்புகிட்ட கேளுங்க," என்று சொல்லிவிட்டாள். அவள் நம்பரைச் சொல்லவில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் 'டெய்லர் கடையிலேயே சொல்கிறார்கள்' என்று ஊர் முழுக்கப் பேச்சு.

டேப்பு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. தன் வாய் காட்டிய கருணையும் தன் வாய் மூடிய மௌனமும் சேர்ந்து ஒரு மனிதரை நோயாளி ஆக்கிவிட்டன. ஆனால் அவர் நோயாளி இல்லை என்று மட்டும் எப்படித் தெரியும்? இதுதான் டேப்புக்கு மண்டைக் குடைச்சல். டேப் இஞ்ச்சைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. பெரிய வியாதி என்றால் ஊருக்குத் தெரியத்தான் வேண்டும், பாப்பா சொல்வது சரி. வேறு ஏதாவது என்றால் ஊருக்கு அதில் வேலையில்லை, தான் சொல்வது சரி. எது என்று முடிவு செய்ய, முதலில் ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு, தெரிந்திருக்கவே வேண்டாம் என்று ஆனால்? இதை யோசித்தபடியே ஒரு பேண்ட்டுக்குப் பொத்தான் துளையை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, பிரித்துத் திரும்பத் தைத்தார். உள்ளதைச் சொன்னால், நியாயம் ஒருபுறம் இருக்க, அந்த ஆறு இஞ்ச் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையாகவும் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் இருந்த அதே ஆசைதான்.

மூன்றாம் நாள் ஒரு நிருபர் வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். அளவு நோட்டில் மேயரின் பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், யோசித்து வையுங்கள், நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். டேப்பு தங்கையைப் பட்டன் வாங்க அனுப்பிவிட்டு மேயரின் செயலாளருக்குப் போன் செய்தார்.

அரை மணியில் மேயரே சந்துக் கதவு வழியே வந்தார். கையில் அந்தக் கோட்டு.

"இதைச் சின்னதாக்கணும், டெய்லர்."

"ஆக்கிடலாம், சார். தப்பு என்னோடது."

"தெரியும். போட்டப்பவே தெரிஞ்சுது. வேற கோட்டு எடுக்க நேரமில்ல."

டேப்பு கோட்டை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு கேட்டேவிட்டார். "சார், கேட்கக் கூடாதுதான். உடம்புக்கு என்ன?"

மேயர் டிரையல் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். வீட்டுக்காரி போயி ஏழு மாசம் ஆச்சு. பெரிய சண்டைன்னும் இல்ல. பெட்டியை எடுத்துக்கிட்டா, போயிட்டா. சாப்பிட உட்கார்ந்தா எதிர் நாற்காலி காலியா இருக்கு. ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. அவ்வளவுதான் விஷயம்."

டேப்புக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் மனசில் பட்டதைக் கேட்டார். "போஸ்டர்ல அம்மா படம் இருக்கே, சார்."

"இருக்கு. பழைய படம். எடுக்கச் சொன்னா ஏன்னு கேட்பாங்க. கேட்டா சொல்லணும்." மேயர் எழுந்தார். "அது தப்புதான். இல்லேன்னு சொல்லல. நிருபர்கிட்ட என்ன சொல்லணும்னு உங்களுக்குச் சொல்ல நான் வரல. அதையும் சொன்னா இன்னொரு தப்பு ஆயிடும்."

அவர் போன பிறகு டேப்பு திரையை விலக்கினார். வெட்டு மேஜை அருகில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் பட்டன் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. எப்போது வந்தாள் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. அவள் முகமே சொன்னது.

"முப்பத்தாறா?" என்றாள்.

"முப்பத்தாறு."

"முப்பத்தெட்டுன்னு சொன்ன."

"சொன்னேன்."

அவள் நோட்டை எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

நிருபர் சொன்ன நேரத்துக்கு வந்தார். டேப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். பிசகு தன்னுடையது என்று சொல்லத்தான் நினைத்திருந்தார். அளவெடுப்பவர் அளவில் தவறினேன் என்று சொன்னால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் தொண்டையை இரண்டாவது தடவையும் செரும வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில் தங்கை பேசிவிட்டாள். "நான் தப்பா எழுதிட்டேன்."

"நாலு இஞ்சா?" நிருபருக்கு நம்பிக்கை வரவில்லை.

"நாலு இஞ்ச். முப்பத்தாறுன்னு எழுத வேண்டியது, நாப்பதுன்னு எழுதினேன். எழுதினபடியே வெட்டினேன். கோட்டுத் தொங்கினதுக்கு அதுதான் காரணம்."

"அப்போ மேயர் நல்லா இருக்காரா?"

"நான் டெய்லர் கடைக்காரி. டாக்டர் இல்ல. கோட்டைப் பத்திக் கேட்டீங்க, சொல்லிட்டேன்."

"நோட்டைப் பார்க்கலாமா?"

"அதுல இன்னும் எண்ணூறு பேர் வயிறு இருக்கு. காட்ட முடியாது."

நிருபர் சிரித்துவிட்டார். அவளை ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

டேப்பு மிஷினில் உட்கார்ந்தபடியே தங்கையைப் பார்த்தார். "ஏன் பாப்பா அப்படிச் சொன்ன? எல்லாரும் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு சொல்றவ நீதானே."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். போஸ்டர்ல பழைய படத்தைப் போட்டு ஓட்டுக் கேட்கிறாரே, அதுக்கு அவரை நான் கேட்பேன். ஆனா ஒரு மனுஷன் தனியா உட்கார்ந்து சாப்பிட முடியாம தவிக்கிறதை நான் எப்படிப் போய் அந்த ஆளுகிட்ட சொல்றது? வாய் வரல." அவள் கத்தரியை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "அவர் வீட்டுக்காரம்மா போனது எனக்குத் தெரிய வேண்டியதா, எனக்கே சரியாத் தெரியல. ஆனா நீ என்கிட்ட நம்பரை மாத்திச் சொன்ன. அது எனக்குத் தெரிய வேண்டியது. மூணு நாளா பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, நான் வியாதி வியாதின்னு உளறிக்கிட்டு இருந்ததைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்க."

"தப்புதான். மன்னிச்சுக்கோ."

"வந்தவங்ககிட்ட பொய் சொல்லு. அதுக்குத்தானே ஏற்பாடு பண்ணினோம். என்கிட்ட சொல்றதுக்கு எப்ப ஏற்பாடு பண்ணினோம்?"

டேப்புக்குக் கண் கலங்கியது. அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

பேப்பரில் அவள் படம் வந்தது. ஊர்ப் பேச்சு பாதி அடங்கியது. மீதிப் பாதி, டெய்லர் கடைக்காரிக்கு மேயர் என்ன கொடுத்தார் என்று திரும்பியது. ஆறு பேர் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர், "எழுதுறது உங்க தங்கச்சிதானே" என்று அவள் காதுபடவே கேட்டார். தெருவில் அவளுக்கு 'நாலு இஞ்ச்' என்று பட்டப்பெயர் விழுந்தது. பத்தொன்பது வருஷம் ஒரு நம்பர் பிசகாதவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவள் ஒரு தடவைகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை யாராவது அப்படிக் கூப்பிடும்போதும் டேப்புக்குத்தான் குத்தியது.

தேர்தல் நாளன்று காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். வழக்கமாக யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன் என்று தெரு முனையிலிருந்தே அறிவித்துக்கொண்டு வருகிறவள். அன்றைக்கு வந்து பேசாமல் மேஜைக்குப் போனாள். சாக்கடை முன்தின மழைக்குப் பொங்கிக் கடை வாசல் வரை வந்திருந்தது. எதிர்ச் சுவரில் மேயரும் மனைவியும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டேப்பு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"யாருக்குப் போட்ட?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"ஒண்ணுமில்ல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மாத்தானே? அப்போ வேண்டாம்."

மேயர் நூற்று நாற்பது ஓட்டில் ஜெயித்தார். அந்த நூற்று நாற்பதில் ஒன்று அவளுடையதா, இல்லை தோற்ற எதிராளிக்கு விழுந்ததில் அவளுடையதும் இருந்ததா? டேப்பு சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு நடுவில் கேட்டுப் பார்த்தார். மனைவியை விட்டுக் கேட்கச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. தங்கை கோபமாக இருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது. முன் போலவே பேசுகிறாள், பேப்பர் படிக்கிறாள், மந்திரிகளைக் கிழிக்கிறாள். அவர் நம்பர் சொன்னால் எழுதுகிறாள். தொப்பைக்காரர் வந்தால் மட்டும், எழுதுவதற்கு முன் தலையை நிமிர்த்தி அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் இரண்டைக் கூட்டுகிறாள்.